பதினேழாம் எண் வண்டியின் நிறம்

காரைக்குடிப் பழம்பொருள் கடையொன்றில்
பீங்கான் தட்டுகளுக்கு அடியில் கிடந்தது அந்தப் படம்.
நாற்பது ரூபாய். சட்டம் வேண்டாம் என்றேன், முப்பது.
சோழவரம். வைக்கோல் கட்டுகள், தார் பீப்பாய்கள்,
கூரை அறுத்த ஒரு ஹெரால்டு
வளைவில் ஒருபக்கம் சாய்ந்து,
கதவில் பதினேழு.
பின்னால் பென்சிலில்: சாத்தப்பன், தேவகோட்டை.

எனக்குப் பல் கட்டும் வேலை, செக்காலை ரோட்டில்.
பகலில் அடுத்தவர் வாய்க்கு அக்ரிலிக்.
ராத்திரி அதே அக்ரிலிக், அதே மெழுகுக் கத்தி,
இருபத்துநாலில் ஒரு பங்கு.
மட்டம் பார்க்க ஓர் ஆத்தங்குடிக் கல்:
எட்டு அங்குலம்,
என் கணக்கில் பதினாறு அடி ஓடுபாதை.

உடலுக்கு மூன்று வாரம். சக்கரங்களுக்கு ஒன்பது நாள்.
தெற்றுப்பல்லை இழுத்துக் கட்டும் கம்பியை வளைத்து
ஸ்டீயரிங்.
நிறத்தில் வந்து நின்றுவிட்டது.
எல்லாவற்றையும் சொன்ன படம்
அதை மட்டும் வாய்க்குள் அடக்கிக்கொண்டது.

தேவகோட்டையில் அவர் தங்கை சொன்னார்:
"பச்சை. கிளிப்பச்சை.
அண்ணன் ஜெயிச்ச வண்டியாச்சே, மறக்குமா?"
பச்சை அடித்தேன்.
பல் வாங்க வந்த பள்ளத்தூர்க்காரர் சொன்னார்:
"சிவப்பும்மா. நெருப்பு ஓடுற மாதிரி ஓடுச்சு.
புதுப் பல்லு வச்சுக்கிட்டுப் பொய் சொல்லுவேனா?"
பச்சையைச் சுரண்டிச் சிவப்பு அடித்தேன்.

புதுவயலில், அரிசி ஆலை எஞ்சின்களுக்கு நடுவே
குலாம் தஸ்தகீர்.
படத்தின் ஓரத்தில் பாதி முதுகாக நிற்பவர்.
கையெல்லாம் கிரீஸ் என்று படத்தைத் தொடவில்லை,
குனிந்து பார்த்துச் சிரித்தார்.
"பெயிண்டா? டயருக்கே காசு பத்தலை.
வியாழக்கிழமை ராத்திரி பிரைமர் ரெண்டு கோட்டு.
காயிறதுக்குள்ள லாரில ஏத்தியாச்சு.
நம்பர் சுண்ணாம்பு. நான்தான் எழுதினேன்."
ஜெயித்தாரா என்றேன்.
"நாலாவது சுத்துல ரேடியேட்டர் போச்சு.
தங்கச்சிகிட்ட சொல்லிராதீங்க."

பஸ்ஸில் படத்தை மறுபடி எடுத்தேன்.
வானம் பொய். வைக்கோல் பொய்.
கூட்டத்தில் அத்தனை பேர் சட்டையும் பொய்.
வண்டி மட்டும்
தன் சொந்த நிறத்தில் இருந்தது.

பெயிண்ட் உரிக்க பிரேக் ஆயில்தான் நல்லது.
டப்பாவில் ஊற்றி முக்கி வைத்தால்
விடிவதற்குள் கழன்றுவிடும்.
ஓடாத வண்டிக்கும் பிரேக் ஆயில்!
காலையில் சிவப்பு தோலாய் மிதந்தது,
சுரண்டியதில் தப்பிய பச்சை அங்கங்கே.

பிரைமர், ரெண்டு கோட்டு.
என் அலமாரி வண்டிகள் எல்லாமே
ஒரு ராத்திரி இந்தச் சாம்பலில் நின்றவைதான்.
அப்போது அவற்றை நான் வண்டி என்று எண்ணியதில்லை,
மூக்கைப் பிடித்துக்கொண்டு
காயக் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

படத்தில் ஏழின் கால் கீழே நீண்டிருக்கும்.
ஈரம் பட்ட கறை என்று நினைத்து
முன்பு அதை நேராக்கியிருந்தேன்.
கறையில்லை, வழிந்த சுண்ணாம்பு.
என் பல்நிற அட்டையில் பதினாறு வெள்ளை.
ஒவ்வொன்றாய்க் கதவருகே பிடித்ததில்
வெற்றிலை போடாத, காப்பி விடாத,
நாற்பது வயது வெள்ளை பொருந்தியது.

மேசையின் அந்தப் பக்கம்
கொத்தமங்கலம் போகவேண்டிய கீழ்வரிசை.
புதன்கிழமை அவர் மகனுக்குக் கல்யாணம்.
இருக்கட்டும்.
ஒற்றை மயிர்த் தூரிகையில் ஒரு சொட்டு வைத்து
வண்டியைச் செங்குத்தாய்ப் பிடித்தேன்.
வழியவில்லை.
இந்த அளவில் சொட்டுக்குக் கனம் போதாது.
ஊதினேன். நடுங்கியது, நகரவில்லை.
ஆத்தங்குடிக் கல்லில் ஒரு தட்டு.
இன்னொன்று.
இறங்கத் தொடங்கியது ஏழு.

அந்நேரம் தேவகோட்டையிலிருந்து போன்:
"பச்சை காஞ்சிருச்சா உமையாள்?"

தோளில் போனை இடுக்கிக்கொண்டு,
மூச்சு வண்டியில் படாமல் சொன்னேன்:
"இன்னும் ஈரமா இருக்கு, ஆச்சி."